சொல் வழக்கு: வேலை முடிந்துவிட்டது

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில், ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதிவரும்படி பிள்ளைகளைப் பணிப்பது நெடுநாள் வழக்கம். பயிற்சிக்கென எழுதிய கடிதம் நோட்டுப் புத்தகத்திலேயே உறங்கலாகாது, உறையிலிட்டு அஞ்சலிலும் சேர்க்க வேண்டும் என்பது நாம் வைத்துள்ள விதி. பாட்டிமார் மகிழ்வர். பிள்ளைகளும், யாரோ படிக்கப்போகிறார்கள் என்னும் அச்சத்தால் ளகர ழகரங்களைச் சற்றுக் கவனித்து எழுதுவர். இந்த நல்ல விதியினால் அண்மையில் ஒரு வம்பு விளைந்தது.

ஆறாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி. அவளுடைய தந்தையார் இங்கே ஒரு தனியார் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்தார். பதினொரு மாத ஒப்பந்தம். ஆறு முறை புதுப்பித்தவர்கள் ஏழாம் முறை புதுப்பிக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது, ‘ஜாப் போய்விட்டது’ என்பது. தமிழ்க் கடிதத்தில் ஆங்கிலச் சொல் கலக்கலாகாதென்று நாம் கண்டித்திருந்ததை மதித்து, அச்சிறுமி அதனைத் தமிழாக்கி, ‘அப்பாவின் வேலை முடிந்துவிட்டது’ என்று எழுதினாள். நாமும் படித்துப் பார்த்தோம். எழுத்துப் பிழை இல்லை. ‘நன்று’ என்று ஒப்பமிட்டு அனுப்பிவைத்தோம்.

பத்து நாள் கழித்துப் பாட்டியார் தொலைபேசியில் அழைத்தார். அடுத்த வீட்டுப் பையன் கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறான். “வேலை முடிஞ்சிடுச்சுன்னு பாப்பா எழுதியிருக்கா. நல்லதாப் போச்சு. எல்லாரும் ஊருக்கு வந்து சேருங்க, வீட்டை மெழுகி வைக்கிறேன்” என்றாராம். மகன் வாய் திறக்கவில்லை. மறு ஞாயிறு அச்சிறுமி வகுப்பு முடிந்தும் போகாமல் நின்று, “மாமா, நான் எழுதினது தப்பா?” என்று கேட்டாள்.

ஒப்பமிட்டவர் நாம், ஆகவே விடை கூறும் பொறுப்பும் நம்முடையதே. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு ரயில்வேயில் எழுத்தராகப் புகுந்த நமக்கு, உடனே சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த வாரம் சொல்வதாகத் தவணை வாங்கிக்கொண்டோம். சங்க நூலகத்தில் முதுகு கிழிந்த ஆங்கில அகராதி ஒன்று உண்டு. நண்பரொருவர் சொற்பிறப்பு அகராதி ஒன்றை இரவல் தந்தார். அந்த வாரம் முழுவதும் இரவில் இவ்விரண்டோடும் கழிந்தது. அதன் பயனை நேயர்களோடு பகிர்ந்துகொள்வதே இம்மாதப் பகுதி.

ஆங்கிலத்தில் வேலையைக் குறிக்கும் சொற்கள் பல. ‘ஒர்க்’ என்பது அம்மொழியின் பழஞ்சொல். கிரேக்கத்தின் ‘எர்கான்’ என்னும் சொல்லுக்கு உறவு. ‘எனர்ஜி’ என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதும் அந்த எர்கானே. ‘லேபர்’ லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பாடுபடுதலையும் குறிக்கும், பிள்ளைப்பேற்று நோவையும் குறிக்கும். ‘டிராவெய்ல்’ என்றொரு சொல் உண்டு. வருந்தி உழைத்தல் என்று பொருள். அதன் மூலமாகச் சொல்லப்படும் லத்தீன் சொல், மூன்று கழிகளை நட்டு ஆளைப் பிணித்து வதைக்கும் ஒரு கருவியின் பெயராம். பயணத்தைக் குறிக்கும் ‘டிராவல்’ பிறந்தது இந்த டிராவெய்லிலிருந்துதான். பயணம் என்பதே வதையாக இருந்த காலம் அது. ரயில்வேயில் இத்தனை ஆண்டு இருந்தும் இதை நாம் அறியாதிருந்தோம். ஆயினும் கோடை விடுமுறையில், முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவு நின்றுகொண்டே ஊர் போய்ச் சேர்ந்த அன்பர்களுக்கு இதை விளக்க அகராதி தேவைப்படாது.

இவையெல்லாம் குலமும் கோத்திரமும் தெரிந்த சொற்கள். ‘ஜாப்’ ஒன்றுதான் ஊர் பேர் தெரியாதது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில், 1550ஐ ஒட்டிய ஆண்டுகளில், அது ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போதும் தனித்து வரவில்லை. ‘ஒரு ஜாப் வேலை’ என்று இன்னொரு சொல்லின் கையைப் பிடித்துக்கொண்டே வருகிறது. நாம் ‘ஒரு கவளம் சோறு’, ‘ஒரு கட்டி வெல்லம்’, ‘ஒரு வண்டி மண்’ என்கிறோமல்லவா? அங்ஙனமே, ஜாப் என்பது வேலையின் பெயராக இல்லை; வேலையை அளக்கும் அளவின் பெயராக இருந்தது. ஒரு துண்டு வேலை, ஒரு கட்டி வேலை என்க. கட்டியையும் கவளத்தையும் குறித்த ‘காப்’ என்னும் பழைய சொல்லின் திரிபாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுவர். அறுதியிட்டுச் சொன்னவர் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இடைவிடாது நடக்கும் உழைப்புக்கு மாறாக, இடையில் வந்து இடையில் தீரும் துண்டு வேலைக்கே அக்காலத்தில் ஜாப் என்று பெயர். நிலையாக ஓரிடத்தில் இருந்தவனுக்கு அச்சொல்லைச் சொன்னதில்லை. அவன் அமர்ந்தது ‘பிளேஸ்’ என்னும் இடம். அல்லது ‘சிச்சுவேஷன்’ என்னும் நிலை. நம் நாட்டு ஆங்கிலச் செய்தித்தாள்களில் வேலைவாய்ப்பு விளம்பரங்களுக்கு மேலே ‘சிச்சுவேஷன்ஸ் வேகன்ட்’ என்று நெடுங்காலம் தலைப்பிட்டு வந்தது இந்தப் பழக்கத்தின் எச்சமே.

அந்தப் பழம்பொருள் இன்று முற்றும் மறைந்ததா எனின், இல்லை. நம் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் போய்க் கேட்டால் தெரியும். துணிக்குச் சாயம் தோய்த்துக் கொடுப்பவரும், ஒரே ஒரு லேத் இயந்திரத்தை வைத்துக்கொண்டு பிறர் கொடுத்த இரும்பைக் கடைந்து கொடுப்பவரும் தாம் செய்வதை ‘ஜாப் ஒர்க்’ என்றே சொல்வர். பொருள் ஒருவருடையது, செய்து கொடுக்கும் கூலி மட்டும் இவருடையது, கொடுத்தது தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. 2017ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டமும் இத்தகைய வேலைக்கு இப்பெயரையே வைத்துள்ளது. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயன் ஒருவன் எழுந்து வந்தால், நமது அலுவலகத்தில் வழங்கும் ஜாப் அவனுக்கு விளங்காது. திருப்பூரின் ஜாப் உடனே விளங்கும்.

துண்டு வேலைக்கு என்றும் மதிப்புக் குறைவுதானே. 1755இல் ஆங்கிலத்துக்குப் பேரகராதி செய்த சாமுவேல் ஜான்சன், இச்சொல்லை இழிசொல் என்றே ஒதுக்கி, இதன் மூலம் தமக்குப் புலப்படவில்லை என்றும் எழுதிவைத்தார். அவர் தந்த பொருள்களும் பெருமைக்குரியன அல்ல: பணம் கிட்டும் மட்டமான காரியம் ஒன்று, அற்ப வேலை, தற்செயலாய் வாய்த்த வேலை மற்றொன்று, கூரிய கருவியால் திடீரெனக் குத்துதல் மூன்றாவது. திருடர்கள் தம் குழூஉக்குறியில் கொள்ளையடிப்பதையும் ஜாப் என்றனர். பொதுப் பதவியில் இருந்துகொண்டு சொந்த ஆதாயம் தேடுவதற்கு ‘ஜாபரி’ என்று பெயர். இன்று பெண் பார்க்க வந்த இடத்தில், ‘மாப்பிள்ளைக்கு என்ன ஜாப்?’ என்று கேட்கும் பெரியவர்கள் ஜான்சனைப் படிக்காதிருப்பது நல்லதே.

ஜாப் செய்பவன் ‘ஜாபர்’. இந்தச் சொல் நம் நாட்டுக்கு வந்து செய்த காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் ஜாபர் என்பவர் துண்டு வேலைக்காரர் அல்லர்; ஆள் சேர்ப்பவர். கிராமத்திலிருந்து ஆட்களைக் கொணர்வதும், அவர்களை வேலைக்கு வைப்பதும், மேற்பார்ப்பதும், நீக்குவதும் அவர் கையில். நிலையான இடம் கிட்டாத ‘பதிலி’த் தொழிலாளர் விடியலில் ஆலை வாயிலில் வந்து நிற்பர், எவரேனும் வராதிருந்தால் அவர்களில் ஒருவருக்கு அன்றைய வேலை. யாரை உள்ளே விடுவது என்பது ஜாபரின் விருப்பம். அந்த விருப்பத்துக்கு ஒரு விலையும் உண்டு. 1929இல் அமைத்து 1931இல் அறிக்கை தந்த விட்லி தொழிலாளர் ஆணைக் குழு, இந்தக் கைக்கூலி முறையைக் கண்டித்தது. இலங்கையிலும் மலேயாவிலும் தோட்டங்களுக்குப் போன நம்மவர் ‘கங்காணி’ என்று அறிந்திருந்த ஆளும் ஏறக்குறைய இவரே. இன்று ஒப்பந்தக்காரர் என்று அறிகிறோம். பெயர் மாறியிருக்கிறது, வாயிலில் நிற்பவர் நின்றுகொண்டேயிருக்கிறார்.

இத்தகைய சொல், மதிப்புக்குரிய சொல்லாக உயர்ந்தது எவ்வாறு? ஆலைகளும் அலுவலகங்களும் பெருகி, சம்பளத்துக்கு உழைப்பதே பெரும்பாலோர் வாழ்க்கையாகிவிட்ட பின்னர், துண்டைக் குறித்த சொல் முழுமையையும் விழுங்கிவிட்டது. கவளத்தின் பெயரே பந்திக்கும் பெயராயிற்று எனலாம். இருபதாம் நூற்றாண்டில் ஜாப் என்றால் மாதச் சம்பளம், விடுப்பு, முதுமையில் ஓய்வூதியம் என்று மக்கள் மனத்தில் பதிந்தது. ஆயினும் பழைய பொருளும் வீட்டைக் காலி செய்யாமல் பின்கட்டில் குடியிருந்தது.

இதனை நாம் கண்ணாரக் கண்டது நமது தொழிற்கூடத்தின் டைம் ஆபீசில். நாம் சேர்ந்த புதிதில், மேசையின் மேல் ‘ஜாப் கார்டு’கள் அடுக்கடுக்காக வந்து விழும். சக்கர விளிம்பைக் கடைந்து சீராக்க இத்தனை மணி, இன்ன உறுப்பைக் கழற்றிப் பூட்ட இத்தனை மணி என்று ஒவ்வொரு வேலைக்கும் நேரம் விதித்திருக்கும். விதித்த நேரத்துக்குள் முடித்தவருக்கு, மிச்சம் பிடித்த நேரத்துக்கு ஊக்கத்தொகை. சித்தரஞ்சன் எஞ்சின் தொழிற்சாலையின் பெயரால் வழங்கும் முறை அது. அந்த மணிகளைக் கூட்டிக் கழித்துப் பதிவதே நமது வேலை. கார்டில் உள்ள ஜாப் நான்கு மணி நேரத்தில் முடியும். கார்டைப் பிடித்த கைக்குரிய ஜாப் அறுபது வயதில் முடியும். இரண்டுக்கும் சொல் ஒன்றே. அன்று நாம் இதனை எண்ணிப் பார்த்ததில்லை.

நமது தந்தையார் ஜாப் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ரயில்வேக் குடும்பங்களில் வழங்கும் சொல் ‘டூட்டி’. ‘டூட்டிக்குப் போகிறேன்’, ‘டூட்டி முடிந்தது’ என்பார். அதையும் அகராதியில் தேடினோம். ‘ட்யூ’ என்பதிலிருந்து வந்தது. கொடுக்கவேண்டிய கடன் என்பது பொருள். தமிழிலும் கடன் என்பதோடு ஒட்டியதே கடமை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை என்பது அரசுக்குச் செலுத்தும் வரி. இரு மொழியும் தனித்தனியே நடந்து ஒரே திண்ணையில் வந்து அமர்ந்திருக்கின்றன. தந்தையார் பணியில் இருக்கும்போதே காலமானார். கருணை அடிப்படையில் நமக்கு நியமனம் கிடைத்தது. அவர் கொடுத்துக்கொண்டிருந்த கடனின் மிச்சம் நம் பெயருக்கு மாற்றப்பட்டதாகவே அன்று நமக்குத் தோன்றியது.

நம்மைச் சுற்றிலும் வழங்கும் பிற மொழிச் சொற்களையும் ஒரு நொடி பார்ப்போம். நாள்தோறும் நம் காதில் விழும் ‘நௌக்ரி’, மங்கோலிய மொழியில் தோழனைக் குறித்த சொல்லிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது. தலைவனுடன் போருக்குப் போன தோழன், காலப்போக்கில் ஏவலாளாகி, இந்திக்கு வரும்போது ‘நௌகர்’ ஆகிவிட்டான். வங்காள அன்பர்களின் ‘சாக்ரி’யும் பாரசீகத்தில் பணியாளைக் குறித்த சொல்லிலிருந்து வந்ததே. நாம் பெருமையோடு சொல்லும் ‘உத்தியோகம்’ வடமொழியில் முயற்சி என்று மட்டுமே பொருள்படும். மகாபாரதத்தில் போருக்கு முன்னேற்பாடு செய்யும் பகுதிக்கு உத்யோக பருவம் என்று பெயர். அதே சொல் இந்தியில் தொழில்துறையைக் குறிக்கும். அதைத் தமிழர் நாற்காலியில் உட்கார்த்தி மின்விசிறியும் மாட்டிவிட்டோம்.

தமிழின் ‘வேலை’யோ மிகப் பரந்த சொல். நிகண்டுகளில் அதற்குக் கடல், கடற்கரை, காலம் என்றெல்லாம் பொருள் உண்டு. அதனால்தானோ என்னவோ, எது செய்தாலும் நமக்கு வேலைதான். அடுப்படி வேலை, தோட்ட வேலை, கல்யாண வேலை, கலெக்டர் வேலை எல்லாம் ஒன்றே. பயனற்றதற்கு மட்டும் ‘வெட்டி வேலை’ என்கிறோம். ‘வெட்டி’ என்பது கூலியின்றி வாங்கப்பட்ட கட்டாய உழைப்பின் பெயராகக் கல்வெட்டுகளில் வருவது. கூலி பெறாதவனின் உழைப்பையே பயனற்றதென்று சொல்லப் பழகிவிட்டோம். இது வருந்தத்தக்கது.

இவ்வளவும் படித்த பிறகு அச்சிறுமியின் வாக்கியத்துக்கு மீண்டும் வந்தோம். ‘வேலை முடிந்துவிட்டது.’ அவள் எழுதியது ஜாபின் ஆதிப் பொருள். ஒரு துண்டு வேலை, பதினொரு மாதத் துண்டு, ஆறு முறை ஒட்டுப்போட்ட துண்டு, முடிந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் அச்சொல்லைப் பழைய பொருளிலும், அவள் தந்தையார் புதிய பொருளிலும் ஏழாண்டு வழங்கிவந்திருக்கிறார்கள். வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்ததும், மகளைப் பள்ளியில் சேர்த்ததும் புதிய பொருளை நம்பித்தான்.

பாட்டியார் அதனைப் பிழையாகப் படித்தார் என்பதும் நமக்கு இப்போது ஐயமாயிற்று. அடுத்த வாரம் சிறுமியை விசாரித்தபோது, அவர் ஊரில் நூறு நாள் வேலைக்குப் போனவர் என்று தெரிந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிராமக் குடும்பங்களுக்குத் தந்த அட்டைக்கும் ‘ஜாப் கார்டு’ என்பதே பெயர். எழுதப் படிக்கத் தெரியாத அம்மூதாட்டி பழகிவைத்திருந்த ஆங்கிலச் சொற்களில் அதுவும் ஒன்று. கண்மாயில் மண் வெட்டுவார்கள், வெட்டிய மண்ணை அளப்பார்கள், அளவுக்கேற்பக் கூலி. நாள் கணக்குத் தீர்ந்தால் வேலை முடிந்தது, வீட்டுக்கு வரவேண்டியதுதான். மண்கட்டியை அளந்து கூலி பெற்றவருக்கு ஜாப் என்பது கட்டி என்று நாம் அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மகனுக்கும் நாள் கணக்குத் தீர்ந்தது, வருகிறான் என்று எண்ணி வீட்டை மெழுக நினைத்திருக்கிறார்.

சிறுமியிடம், “நீ எழுதியது தப்பில்லை, ஆனால் அது பாதிதான். மீதியையும் எழுத வேண்டும்” என்றோம். “மீதி என்ன மாமா?” என்றாள். அதற்கும் நம்மிடம் உடனே விடை இல்லை. அவளே சிறிது நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினாள்: ‘அப்பாவின் வேலை முடிந்துவிட்டது. அடுத்த வேலை இன்னும் கிடைக்கவில்லை. அதனால் நாங்கள் இப்போது ஊருக்கு வரவில்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம்.’

அழைத்துப்போக வந்த தந்தையார் வாசலில் நின்றபடி கடிதத்தை வாங்கிப் படித்தார். அதனை அனுப்ப வேண்டாமென்று சொல்லப்போகிறாரோ என்று நாம் எண்ணினோம். சொல்லவில்லை. ‘கவலைப்பட வேண்டாம்’ என்னும் கடைசி வரியை மட்டும் அடிக்கச் சொன்னார். அதைப் படித்தால் அம்மா நிச்சயம் கவலைப்படுவார் என்றார். சிறுமி அடித்தாள். உறையில் முகவரியை அவரே எழுதினார்.

பாட்டியார் இம்முறை தொலைபேசியில் கேட்டது ஒன்றுதானாம்: “அடுத்த கார்டு எப்பத் தருவாங்களாம்?”

தந்தையாரின் இசைவோடுதான் இதனை எழுதினோம். இப்பகுதி அச்சுக்குப் போகும் இந்நாள்வரை அவருக்கு இடம் எதுவும் அமையவில்லை. மேற்பார்வைப் பணியில் ஏழாண்டுப் பழக்கம் உள்ளவர். தமிழும் இந்தியும் நன்கு பேசுவார், ஆங்கிலம் எழுதுவார். இரவு முறைக்கும் ஆயத்தமாக இருக்கிறார். காலியிடம் எதையேனும் அறிந்த அன்பர்கள், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் நம்மிடம் தெரிவிக்கலாம்.